எழுதியது நான், உரிமை கல்லூரிக்கா?

சென்னையிலிருந்து ஒரு விலங்கியல் பேராசிரியை, பெயர் வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. அரசு உதவி பெறும் கல்லூரியில் 2005 முதல் பணி. வயது 47. பல ஆண்டுகளாக ஒரு வார இதழில் தமிழில் உயிரியல் கட்டுரைகள் எழுதிவருகிறார். பள்ளிக்கரணைக்கு வரும் பூநாரை, பெசன்ட் நகர் மணலில் முட்டையிடும் பங்குனி ஆமை, வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி என்று பல விஷயங்கள். பெருங்குடிக் குப்பைக் கிடங்கைப் பற்றிக் காட்டமாக ஒன்றும் எழுதியிருக்கிறார். இப்போது ஒரு பதிப்பகம் இவற்றை நூலாக்க முன்வந்து ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது.

செய்தி தெரிந்ததும் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "எங்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியது கல்லூரிக்குத்தான் சொந்தம். என்ஓசி (ஆட்சேபமில்லைச் சான்று) வேண்டுமானால் ராயல்டியில் பாதி நிர்வாகத்துக்கு" என்றிருக்கிறார். இதற்கு நடுவில் ஒரு யூடியூப் சேனல் இவருடைய கட்டுரைகளைப் பெயர் சொல்லாமல் வரிக்கு வரி வாசித்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. வேறொரு கல்லூரிப் பேராசிரியர் ஆமைகளைப் பற்றி இன்னொரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார், "என் விஷயத்தைத் திருடிவிட்டார்" என்று இவருக்கு வருத்தம் வேறு. "எதையும் பதிவு செய்யவில்லை, ஆகவே எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்" என்று ஒரு வரி. கணவர் வேலையை விட்டுவிடச் சொல்கிறார். இவருக்கும் அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு மாதிரி முழுநேர எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

வணக்கம் மேடம். முதலில் அந்தப் பதிவு விஷயத்தை முடித்துவிடுவோம். பதிப்புரிமை எழுதிய அந்தக் கணத்திலேயே பிறந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவு கட்டாயம் இல்லை. செய்துகொண்டால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சாட்சியமாக உதவும், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், அவ்வளவுதான். உங்களிடம் அதைவிட நல்ல சாட்சி இருக்கிறது: தேதி போட்ட இதழ்கள். பழைய பிரதிகள் வீட்டில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல்களையும் பத்திரிகைகளையும் வெளியிடுவோர் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அங்கே போய் உங்கள் கட்டுரைகளின் தேதி, பக்கம் எல்லாவற்றையும் குறித்து ஒரு பட்டியல் போடுங்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டியல்தான் அடிப்படை.

முதல்வர் கலந்துவிட்ட இரண்டு விஷயங்கள்

எழுத அனுமதி வேண்டுமா என்பது ஒரு கேள்வி. எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. முதலாவது உங்கள் பணி விதிகளைப் பொறுத்தது. இரண்டாவது பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தது. முதல்வர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். உங்கள் கடிதத்தைப் படித்தால், நீங்களும் பயத்தில் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு விட்டீர்கள் என்று தோன்றுகிறது. அனுமதி வாங்காமல் எழுதியிருந்தால் நிர்வாகம் விளக்கம் கேட்கலாம், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அதனால் கட்டுரை கல்லூரியின் சொத்தாகிவிடாது. அதேபோல, கட்டுரை முழுக்க உங்களுடையதே என்றாலும் அனுமதி விதி உங்களைக் கட்டுப்படுத்தும்.

சொத்து யாருடையது என்பதை முதலில் பார்ப்போம். சட்டத்தின் 17ஆவது பிரிவு, எழுதியவர்தான் முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. விதிவிலக்கு ஒன்று: வேலை ஒப்பந்தத்தின் கீழ், அந்த வேலையின் போக்கில் எழுதப்பட்டது முதலாளிக்குப் போகும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால். 'வேலையில் இருக்கும்போது' எழுதியது என்று சட்டம் சொல்லவில்லை, 'வேலையின் போக்கில்' என்கிறது. முதல்வர் தவறவிட்ட இடம் இதுதான். வார இதழுக்குக் கட்டுரை எழுதுவது உங்கள் பணி நியமன ஆணையில் இருக்கிறதா? பாடம் எடுப்பது, தேர்வு நடத்துவது, ஆய்வு வழிகாட்டுவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பல்லியைப் பற்றி எழுதுவது இருக்காது. (அரசு உதவி பெறும் பணியிடத்தில் சம்பளம் வருவது அரசுப் பணத்திலிருந்து. "எங்களிடம் சம்பளம்" என்று நிர்வாகம் சொல்வது கொஞ்சம் தாராளம்தான். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் உங்களை வேலைக்கு வைத்திருப்பது நிர்வாகமே, அதனால் இந்த வாதத்தை நம்பி மட்டும் நிற்க வேண்டாம்.)

ஆனால் உங்கள் கடிதத்தின் நான்காவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நூலின் இரண்டு அத்தியாயங்கள், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்காகக் கல்லூரி உங்களிடம் தயாரிக்கச் சொன்ன வளாகப் பறவைகள் அறிக்கையிலிருந்து எடுத்தவை. எனக்கு மொத்தக் கடிதத்திலும் உறுத்திய வரி அதுதான். அந்த அறிக்கை கல்லூரி சொல்லி, கல்லூரிக்காக, பணி நேரத்தில் செய்தது. அதன் வாசகங்கள் கல்லூரியுடையவை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

1952இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதே சிக்கல் வந்தது. ஸ்டீவன்சன் ஜோர்டான் என்ற நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் எழுதிய நூலில், அவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகளும் இருந்தன, நிறுவனம் கொடுத்த ஒரு வேலைக்காகத் தயாரித்த பகுதியும் இருந்தது. சொற்பொழிவுகள் அவருடையவை, அந்த ஒரு பகுதி மட்டும் நிறுவனத்துடையது என்று பிரித்துத் தீர்ப்பு வந்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் நம் 17ஆவது பிரிவின் வாசகம் அந்த ஊர்ச் சட்டத்தின் வழி வந்ததால் வழிகாட்டும்.

ஆகவே அந்த இரண்டு அத்தியாயங்களை எடுத்துவிடுங்கள், அல்லது புதிதாக எழுதுங்கள். வளாகத்தில் என்னென்ன பறவை வந்தது என்ற தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அறிக்கையின் வாசகம், அட்டவணை அமைப்பு, படங்கள் ஆகியவைதான் பிரச்சினை. நீங்களே மறுபடி போய்ப் பார்த்து, உங்கள் நடையில் எழுதினால் நிர்வாகத்தின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வகுப்புக் குறிப்புகள் நடுவில் நிற்பவை. உங்கள் நூலில் அவை இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். பின்னால் பாடநூல் எழுதும் எண்ணம் வந்தால் அப்போது பேசலாம்.

இனி அனுமதி. பணியில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் கல்லூரியின் நடத்தை விதிகளையும் எடுத்துப் படியுங்கள். பல பேர் சேர்ந்த நாளுக்குப் பிறகு அதைத் திறந்ததே இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு விதிகள், இலக்கிய, கலை, அறிவியல் பணிகளை எப்போதாவது செய்வதற்கு முன் அனுமதி கேட்பதில்லை, அலுவலக வேலை கெடாத வரைக்கும். அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் பொதுவாகப் பணி விதிகளின் மனப்போக்கு அதுதான்: அறிவியல் எழுத்தை அவை தொழிலாகப் பார்ப்பதில்லை. அதே சமயம் 'எப்போதாவது' என்ற சொல்லையும் கவனியுங்கள். வாராவாரம் பத்தி, ராயல்டி ஒப்பந்தம் என்று வரும்போது எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவதே நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பூநாரையைப் பற்றி எழுதுவது அறிவியல். குப்பைக் கிடங்கு விஷயத்தில் அரசையும் மாநகராட்சியையும் சாடுவதைப் பணி விதிகள் வேறு கண்ணோடு பார்க்கும். அதற்காக எழுதாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022 முதல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். அதைப் பற்றி விலங்கியல் படித்தவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆனால் அந்தக் கட்டுரையை நூலில் சேர்க்கும் முன் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். தனி ஆள், தனி நிறுவனம் பெயர் சொல்லியிருந்தால் இன்னும் கவனம். அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாக. நூலின் முகப்பில் 'கருத்துகள் என் சொந்தக் கருத்துகள், கல்லூரியுடையவை அல்ல' என்று ஒரு வரி போடுங்கள்.

'பாதி ராயல்டி கொடுத்தால் என்ஓசி' என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள். சண்டையாக வேண்டாம், பணிவாக ஒரு கடிதம்: "நூல் வெளியிட அனுமதி கோருகிறேன். ராயல்டிப் பங்கு தொடர்பாகக் கல்லூரியில் விதி அல்லது தீர்மானம் இருப்பின் அதன் நகலைத் தந்து உதவவும்." அப்படி ஒரு விதி இல்லையென்றால், பெரும்பாலும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். வாய்வார்த்தையாகக் கேட்பதை எழுத்தில் கேட்கப் பல நிர்வாகங்கள் தயங்கும்.

"வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார்கள்" என்ற உங்கள் பயத்துக்கு: 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஆசிரியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். நினைத்த மாத்திரத்தில் செய்ய முடியாது. உங்களுடையது சிறுபான்மையினர் கல்லூரி என்றால் இந்தப் பிரிவுகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பதிப்பக ஒப்பந்தம்

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். "எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். "சட்டம் ஐந்து வருஷத்துக்கு மேல் விடாது என்று நண்பர் சொன்னார், அதனால் கையெழுத்துப் போடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை. காலம் எதுவும் குறிப்பிடாத உரிமை மாற்றத்துக்குத்தான் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டும் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன, அதனால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. நூலாசிரியரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும் சொத்து அது. அதை ஒரே பத்தியில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

திருப்பி அனுப்புங்கள். தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு, முதல் பதிப்பில் இத்தனை பிரதி என்று எழுதச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். மொழிபெயர்ப்பு உரிமை தனி உரிமை. நாளைக்கு உங்கள் ஆமைக் கட்டுரையை மலையாளத்தில் யாராவது கேட்டால் பதிலைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நூலக ஆணை. நூலகத்துறை வாங்கும் பிரதிகளுக்கு ராயல்டி உண்டா, எந்த விலையில் கணக்கு, பணம் வந்த பிறகு எத்தனை நாளில் தருவார்கள் என்பதை எழுதி வாங்கிவிடுங்கள். பல சண்டைகள் இதில்தான் தொடங்குகின்றன. இன்னொன்று, 'பதிப்பில் இல்லாவிட்டால் உரிமை திரும்பும்' என்ற பழைய வாசகம். இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்டில் ஒரு பிரதி, இரண்டு பிரதி என்று அடிக்கிறார்கள், அதனால் எந்த நூலும் பதிப்பில் இல்லாமல் போவதே இல்லை. 'ஓராண்டில் இத்தனை பிரதிக்குக் கீழ் விற்றால் உரிமை திரும்பும்' என்று மாற்றச் சொல்லுங்கள்.

'தேவைப்படும் மாற்றங்களைப் பதிப்பகம் செய்துகொள்ளும்' என்ற பிரிவையும் அடியுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் உங்கள் பெயரைக் கோரும் உரிமையும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி எழுத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவில் உங்களுக்கு இருக்கின்றன. ஆனால் வழக்குப் போட்டு அதை நிலைநாட்டுவதைவிட, அச்சுக்கு முன் இறுதிப் படியை உங்களிடம் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது எளிது. அறிவியல் நூலில் இது கௌரவப் பிரச்சினை மட்டும் இல்லை. மெய்ப்புத் திருத்துபவர் 'ஆண்' என்பதைப் 'பெண்' என்று மாற்றிவிட்டால் ஆமைக் கட்டுரையே தலைகீழ்.

படங்கள் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் அசட்டையாக இருக்கிறீர்கள். மாணவர்கள் எடுத்த புகைப்படங்கள் மாணவர்களுடையவை. 'என் மாணவன்தானே' என்பது அனுமதி ஆகாது. ஒவ்வொருவரிடமும் ஒரு வரி எழுத்தில் வாங்கி, படத்துக்குக் கீழே பெயர் போடுங்கள். இணையத்திலிருந்து எடுத்தவற்றை நீக்குங்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இழப்பு எது வந்தாலும் ஆசிரியரே பொறுப்பு என்று இருக்கிறது, கவனித்தீர்களா?

அப்புறம், இதழிடம் ஒன்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் அவர்களுடைய ஊழியர் இல்லை, அதனால் கட்டுரைகளின் உரிமை உங்களிடமே இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. சன்மான ரசீதுகளில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நூலாக்க ஆட்சேபம் இல்லை என்ற பதிலை வாங்கிவைத்தால் பதிப்பாளருக்கும் நிம்மதி.

சேனலும் சக பேராசிரியரும்

இந்த இரண்டும் ஒரே மாதிரித் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. மணல் சூடாக இருந்தால் ஆமை முட்டைகளிலிருந்து பெண் குஞ்சுகள் அதிகம் வரும் என்பது இயற்கை. அதை யாரும் எழுதலாம். கருத்துக்கோ தகவலுக்கோ பதிப்புரிமை கிடையாது, வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்பதை உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அந்தப் பேராசிரியரின் கட்டுரையையும் இணைத்திருந்தீர்கள். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அவருடைய நடை வேறு, வரிசை வேறு. விட்டுவிடுங்கள். ஆமைகளைப் பற்றித் தமிழில் இன்னும் பத்துப் பேர் எழுதட்டும்.

சேனல் செய்வது வேறு. வரிக்கு வரி வாசிப்பது சட்டப்படி மீறல். முதலில் வீடியோ முகவரி, தேதி, திரைப்பதிவு எல்லாவற்றையும் சேமியுங்கள். பிறகு யூடியூபின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம். அவர்கள் மறுத்து எதிர்மனு போட்டால் வக்கீல் நோட்டீஸ். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 62ஆவது பிரிவு இடம் தருகிறது, சேனல்காரர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 63ஆவது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை என்பதைப் படித்துவிட்டு போலீஸுக்குப் போக யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பையன் ஒருவன் நடத்தும் சேனல் போலத் தெரிகிறது. படிவமே போதும்.

வேலையை விடலாமா

கூல்டு உதாரணத்தில் ஒரு திருத்தம். 'நேச்சுரல் ஹிஸ்டரி' இதழில் அவர் 1974 ஜனவரி முதல் 2001 ஜனவரி வரை இதழ் தவறாமல் 300 கட்டுரைகள் எழுதினார். அந்தக் காலம் முழுக்க அவர் ஹார்வர்டு பேராசிரியர். ஆய்வும் வகுப்பும்தான் அவருக்குக் கட்டுரை விஷயங்களைக் கொடுத்தன. நம் ஊரிலும் பெ.நா. அப்புசுவாமி வக்கீலாக இருந்தவர், தமிழ் அறிவியல் எழுத்தின் முன்னோடிகளில் ஒருவர். முழுநேரமாக எழுதிப் பிழைத்தவர்களும் உண்டு. மெட்ராஸ்காரரான இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் அப்படி வாழ்ந்தவர், ஆனால் அவருடைய நீண்ட பத்தி வந்தது ஓர் ஆங்கில நாளிதழில். தமிழ் நூல் ராயல்டி பொதுவாக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். விலை 250 ரூபாய் என்றால் ஆயிரம் பிரதி விற்றுத் தீர்ந்த பிறகு உங்கள் கைக்கு 25,000. உங்கள் ஒரு மாதச் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

வருமான வரிச் சலுகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80 கியூகியூபி பிரிவில் நூல் ராயல்டிக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு இருந்தது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், பத்திரிகைச் சன்மானத்துக்கு இல்லை. புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டது, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எழுதுவதால் பதவி உயர்வுக்குப் பயனில்லை" என்று துறைத் தலைவர் சொன்னது கட்டுரைகளைப் பொறுத்தவரை சரி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளின் மதிப்பெண் அட்டவணையில் வார இதழ்க் கட்டுரைக்கு இடம் இல்லை. ஆனால் நூலுக்கு இருக்கிறது: தேசிய அளவிலான பதிப்பகம் என்றால் 10, மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. அறிவியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கே 8தான். உங்கள் பதிப்பகத்தை எந்த வகையில் வைப்பார்கள் என்பது தேர்வுக் குழுவின் கையில் இருக்கிறது, அதனால் நூலில் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) இருக்கிறதா என்று மட்டுமாவது உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலையை விடுவது என்று ஒருநாள் முடிவெடுத்தாலும், ராஜினாமா என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் ஓய்வூதியப் பலன்களில் ஒன்றல்ல. எது உங்களுக்குப் பொருந்தும் என்று கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு. அதற்கு முன், ஒரு செமஸ்டர் ஊதியமில்லா விடுப்புக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். நூலை முடிக்க அது போதும்.

பதிப்பாளர் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவசரப்படுத்துவதாகச் சொன்னீர்கள். ஜனவரிக்கு வராவிட்டால் வேறு மாதத்தில் வரட்டும். முதல்வருக்கான கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். அதன் பிறகு பதிப்பாளரிடம் திருத்திய ஒப்பந்தத்தைக் கேளுங்கள். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.